மொட்டைக் கடுதாசி வேறு, புனைபெயர்க் கடிதம் வேறு

சென்னையில் ஒரு நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியைப் பல வருடம் பார்த்தவன் நான். பெயரே இல்லாத கார்டு நேராகக் குப்பைக் கூடைக்குப் போகும். ‘உண்மை விளம்பி’ என்று மாதம் இரண்டு வந்தால் தனியாக எடுத்து வைப்பேன். ஆளைத் தெரியாது, ஆனால் அந்தப் பெயரைத் தெரியும்.

பெயரை மறைத்து அரசியல் கடிதம் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் காட்டும் ஆள் ‘ஜூனியஸ்’ என்ற புனைபெயர்க்காரர். 1769 ஜனவரி முதல் 1772 ஜனவரி வரை லண்டனின் ‘பப்ளிக் அட்வர்டைசர்’ பத்திரிகையில் பிரதமர் கிராஃப்டன் பிரபுவைக் கிழித்து எழுதியவர்.

முதலில் ஒரு பெயரைப் பிடியுங்கள், அதை விடாதீர்கள். வாரம் ஒரு பெயர் வைத்தால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது கையெழுத்து. ஜூனியஸ் எழுத்தை மாற்றித்தான் எழுதினார். ஆனாலும் 1871-இல் சார்லஸ் சாபட் என்ற கையெழுத்து நிபுணர், போர்த்துறை குமாஸ்தாவாக இருந்த பிலிப் பிரான்சிஸின் எழுத்துதான் இது என்று புத்தகமே போட்டார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, நான் ஒப்புக்கொள்கிற கட்சி. ஒருமுறை தண்ணீர் லாரியைத் திட்டி எனக்கு ஒரு மொட்டைக் கார்டு வந்தது. பச்சை மை, ‘ழ’வுக்கு நீளமான வால். முந்தின வாரம்தான் அதே வால், அதே மையில், முழு முகவரியோடு கோயில் குளத்தைப் பற்றி வந்த ஒரு கடிதத்தை அச்சில் போட்டிருந்தேன்!

அப்புறம், பத்திரிகைக்காரரோடு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்திரிகையை அச்சிட்ட வுட்ஃபாலுக்கு ஜூனியஸ் எழுதிய தனிக் குறிப்புகளில் ‘சி’ என்ற எழுத்து மட்டும் இருக்கும். பதிலை வுட்ஃபால் பொய்ப் பெயருக்கு ஏதாவது ஒரு காபிக் கடையில் விட்டுவைப்பார். கடிதம் காத்திருக்கிறது என்பதைப் பத்திரிகையிலேயே ஒரு வரிச் சங்கேதமாகச் சொல்வார். கடையும் அடிக்கடி மாறும்.

யாராவது சொந்தப் பெயரில் பதில் எழுதினால் உங்கள் பாடு கொண்டாட்டம், அவர் பாடு திண்டாட்டம். நம்ம ஊர்க் கதையே இருக்கிறது. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது புனித ஜார்ஜ் கோட்டையைக் காத்தவர்களில் ஒருவர் வில்லியம் டிரேப்பர். பிறகு இங்கிருந்து கப்பலேறி 1762-இல் ஸ்பெயினிடமிருந்து மணிலாவைப் பிடித்தார். நண்பர் கிரான்பி பிரபுவை ஜூனியஸ் தாக்கியதும் பெயரைப் போட்டுப் பதில் எழுதினார் பாவம். மணிலாவுக்கு ஸ்பெயின் தர வேண்டிய மீட்புப் பணத்தைப் பென்ஷனுக்காகக் கைவிட்டவர் நீங்கள்தானே என்று ஜூனியஸ் அவர் மேலேயே பாய்ந்தார். முகமில்லாதவரை டிரேப்பர் எங்கே போய் அடிப்பார்?

கடைசி விஷயம், அச்சிடுகிறவர். 1769 டிசம்பர் 19 அன்று ஜூனியஸ் மன்னருக்கே எழுதிய ஒரு கடிதம் பத்திரிகையில் வந்தது. வழக்கு வுட்ஃபால் மேல்தான். 1770-இல் ஜூரிகள் “அச்சிட்டு வெளியிட்ட குற்றம் மட்டும்” என்று மழுப்பலாகத் தீர்ப்புச் சொன்னதால் தப்பித்தார். எங்கள் அலுவலகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த நாளில் அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் ஆசிரியர். கடிதம் எழுதிய புண்ணியவான் மறுநாளே இன்னொன்று அனுப்பியிருந்தார்.