பிரிவினைப் பாடம் நடத்த: நாற்பது சீட்டும் ஒரு தோட்டத்துப் படமும்

‘இந்துவும் முஸ்லிமும் ஒத்துப்போகலை, அதான் நாடு ரெண்டாச்சு.’ பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஒரு வரியோடுதான் வந்து உட்காருவார்கள். அதை மறுத்துப் பேசிப் பயனில்லை. ஓட்டு எப்படி எண்ணப்பட்டது என்று செய்துகாட்டினால் அந்த வரி போதாது என்பது அவர்களுக்கே பட்டுவிடும். ஒன்றரை மணி நேரம், 40 பிள்ளைகள், 30 வெள்ளைச் சீட்டு (பெரும்பான்மை இந்துக்கள்), 10 மஞ்சள் சீட்டு (சிறுபான்மை முஸ்லிம்கள்), சாக்பீஸ். இவ்வளவுதான் தேவை.

சீட்டை மடித்துக் குலுக்கிக் கொடுங்கள். பிள்ளையின் சொந்த மதத்தைப் பார்த்து எக்காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் வகுப்பிலிருக்கும் நாலைந்து முஸ்லிம் பிள்ளைகள் தலை குனிந்துவிடுவார்கள். பாடம் அதோடு கெட்டது.

முதல் சுற்று பொது ஓட்டு. வெள்ளையில் இருவர் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசட்டும். வெள்ளை ஓட்டு பாதிப் பாதியாகப் பிரிந்தால் மஞ்சள் பத்துதான் ஜெயிக்க வைக்கும். அதனால் இருவரும் அந்தப் பத்துப் பேரைப் பார்த்தே பேசுவார்கள். இரண்டாம் சுற்றில் வெள்ளைக்கு 3 இடம், மஞ்சளுக்கு 1 இடம். அவரவர் நிறத்துக்குள்ளேயே ஓட்டு. இப்போது பேச்சைக் கவனியுங்கள். வெள்ளை வேட்பாளர் மஞ்சள் பக்கம் திரும்பக்கூட மாட்டார். மஞ்சளிலோ, ‘நம்ம ஆளுகளை விட்டுக்குடுக்க மாட்டேன்’ என்று உரக்கச் சொல்பவருக்கே கை கூடும். ஆங்கிலேயரின் 1909 மிண்டோ–மார்லி சட்டம் முஸ்லிம்களுக்குக் கொண்டுவந்த தனித்தொகுதி இதுதான் (இன்று நாம் சொல்லும் தனித்தொகுதி வேறு). ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்களுக்கு வேறு வேறு வேட்பாளர்கள்.

இங்கே நிறுத்தினால் ‘வெள்ளைக்காரன் சூழ்ச்சி’ என்று எழுதிவைத்துக்கொள்வார்கள். அது பாதி உண்மைதான். மூன்றாம் சுற்றாக, பொது ஓட்டில் ஒரு மஞ்சள் ஆளை நிறுத்துங்கள். பெரும்பாலும் தோற்பார். 1906-ல் ஆகாகான் தலைமையில் முஸ்லிம் பிரமுகர்கள் சிம்லாவில் வைஸ்ராயிடம் தனித்தொகுதி கேட்டதன் காரணம் அப்போதுதான் புரியும்.

வருடங்களில் 1937-லும் 1946-லும் நின்று பேசினால் போதும். 1937 மாகாணத் தேர்தலில் முஸ்லிம் தொகுதிகளில் கால்பங்குகூட முஸ்லிம் லீக் கட்சிக்குக் கிடைக்கவில்லை. 1946 தொடங்கும்போது மத்திய சட்டசபையின் 30 முஸ்லிம் இடங்களும் அவர்கள் கையில். இடையில் நடந்தவை: ஐக்கிய மாகாணத்தில் லீக்கைச் சேர்க்காமல் காங்கிரஸ் மந்திரிசபை, 1940-ல் லாகூர் தீர்மானம், 1942-க்குப் பின் காங்கிரஸ் தலைவர்கள் சிறையில், லீக் வெளியில். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ராஜாஜியைச் சொல்லாமல் விடாதீர்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து, திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம் நடத்தியவர். 1944-ல், முஸ்லிம்கள் அதிகமுள்ள மாவட்டங்களில் போருக்குப் பின் மக்களிடமே ஓட்டெடுக்கலாம் என்று அவர் கொடுத்த திட்டத்தை லீக் தலைவர் ஜின்னா ஏற்கவில்லை; பஞ்சாபும் வங்காளமும் முழுசாக வேண்டும் என்றார். 1947-ல் இரண்டுமே வெட்டுப்பட்டுத்தான் கிடைத்தன. மத்திய அரசுக்கு எவ்வளவு அதிகாரம் என்ற 1946 பேச்சு முறிந்ததையும், ஆகஸ்ட் 16-ல் கல்கத்தாவில் ரத்தம் ஓடியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசி அரைமணி தோட்டத்துக்கு. கரும்பலகையில் எட்டு ஏக்கர் வரையுங்கள்: தெற்கு மூலையில் கிணறு, வடக்கே வண்டித்தடம். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிக்கச் சொல்லுங்கள். விவசாய வீட்டுப் பிள்ளை கோடு போடும் முன்னே, ‘கிணத்துத் தண்ணி யாருக்குங்க, தடம் யாருக்குங்க?’ என்று கேட்டுவிடும். கிணறு பொது, தண்ணிக்கு முறை, தடத்துக்குப் பாத்தியம் என்று பத்திரத்தில் எழுதுவதை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பிறகு, இந்தியா–பாகிஸ்தான் எல்லைக்கோடு போட்ட ஆங்கிலேய வக்கீல் ராட்கிளிஃபைச் சொல்லுங்கள். அதற்கு முன் இந்தியாவைப் பார்த்திராத அவர் 1947 ஜூலை 8-ல் வந்தார். அவர் போட்ட கோடு ஆகஸ்ட் 17-ல், விடுதலைக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வெளியானது.

பங்காளி உவமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். பஞ்சாபில் பங்கு கேட்டவர்கள் இருவர் மட்டுமல்ல. சீக்கியர்களின் நிலமும் குருத்வாராக்களும் கோட்டின் இருபுறமும் கிடந்தன. ஒரு கோடிக்கும் மேலானவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள், லட்சக்கணக்கானோர் செத்தார்கள். இந்த இடத்தில் சிரிப்பு கிளம்பினால் உடனே அடக்குங்கள்.

தண்ணீர் முறை எழுதாததன் விளைவையும் சொல்லுங்கள். பஞ்சாபில் ராவி ஆற்றின் மாதோப்பூர் தலைமடை இந்தியாவில் நின்றுவிட்டது. அதை நம்பியிருந்த வயல்களில் ஒரு பகுதி பாகிஸ்தானில், லாகூர் பக்கம். 1948 ஏப்ரல் 1-ல் அந்தப் பக்கம் போகும் வாய்க்கால் தண்ணீர் இந்தியப் பக்கத்தில் நிறுத்தப்பட்டது. சிந்து நதி ஒப்பந்தம் கையெழுத்தாக 1960 ஆயிற்று. வீட்டுப்பாடமாக, அந்த வாய்க்காலுக்கு 1947-லேயே எழுதியிருக்க வேண்டிய தண்ணி முறையை, நம்மூர்ப் பத்திரத்தில் வருகிற மாதிரி நாலு வரியில் எழுதிவரச் சொல்லுங்கள்.