கோவிலை விட்டு ஒதுங்கியவர் வீட்டுக்குப் போகும்போது

எங்கள் அன்பியக் கூட்டம், அதாவது ஒரே பங்கில் (கோவில் வட்டாரத்தில்) அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் குழு, மாதம் ஒரு வீட்டில் நடக்கும். நான் பொறுப்பேற்றபோது கைக்கு வந்த பழைய நோட்டில் வரிசையாக எல்லா வீடுகளும் இருந்தன, ஒரு பெயருக்கு நேராக மட்டும் பென்சிலில் ஒரு கோடு. என்ன இது என்று கேட்டால் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, "அது வந்து... அவங்க கல்யாணம் கோவில்ல நடக்கல" என்று இழுத்தார்கள். அந்த அக்கா பதினேழு வருடமாக ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருகிறவர். கடைசியில் தூண் ஓரமாக உட்காருவார், எல்லோரும் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க எழுந்து போகும் நேரத்தில் கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருப்பார். சாவி தேடுகிறார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

இதை அன்பியப் பொறுப்பாளர்களுக்கும், மரியாயின் சேனை, வின்சென்ட் தே பால் சபை என்று வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கும் எழுதுகிறேன். குருக்களுக்கு அதற்கான படிப்பும் அதிகாரமும் இருக்கிறது. நமக்கு இரண்டும் கிடையாது, ஆனால் கதவை முதலில் தட்டுவது பெரும்பாலும் நாம்தான்.

பங்கில் இதைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு கட்சியாகிவிடும். பாவத்தைப் பாவம் என்று சொல்லத்தான் வேண்டும் என்று ஒரு கட்சி, ஐயோ பாவம், அவர்களை விட்டுவிடுங்கள் என்று இன்னொரு கட்சி. என் அனுபவத்தில் முதல் கட்சி சொல்வது பாதி உண்மை. "நீங்க நன்மை வாங்கக்கூடாது" என்று சொல்ல ஊரில் நூறு பேர் உண்டு. "இதைச் சரிசெய்ய வழி இருக்கு, ஞானஸ்நான சர்டிபிகேட்டை எடுத்துக்கிட்டு ஃபாதரைப் பாருங்க" என்று சொல்லத்தான் ஆள் இல்லை. அந்த அக்காவுக்குப் பதினேழு வருடமும் பாதிதான் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டாவது கட்சியோ எதையுமே சொல்வதில்லை, அதனால் அவர்களாலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சரி, எப்படிப் போவது?

போவதற்கு முன், உங்களுக்குத் தெரிந்தது என்ன, காதில் விழுந்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் அதிகம் இருக்கும். அன்பியக் கூட்டத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருக்கிறது, "செபக் கருத்து" என்று சொல்லிவிட்டால் எந்த வம்பையும் பேசலாம்: "அந்தக் குடும்பத்துக்காக செபிப்போம், அந்தப் பையன் யார்கூடவோ..." என்று ஆரம்பித்து ஒரு ஊர்க்கதையே முடிந்துவிடும். அடுத்தவர் குறையைக் காரணமில்லாமல் வெளியே சொல்வது, அது உண்மையாகவே இருந்தாலும் பாவம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2477ஆம் பத்தியில் சொல்கிறது. ஆக, பாவியைத் திருத்தக் கிளம்பும் கூட்டம் கிளம்பும்போதே ஒரு பாவத்தைச் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறது. என் அன்பியத்தில் இப்போது பெயர் சொல்லி செபக் கருத்து வைப்பதென்றால், நோய்க்கும் தேர்வுக்கும் மட்டும்தான்.

தனியாகப் போங்கள், அல்லது அந்த வீட்டுக்கு ஏற்கனவே நெருக்கமான ஒருவரோடு போங்கள். தவறு செய்தவரைத் திருத்த மத்தேயு நற்செய்தி 18:15இல் இயேசு சொல்லும் முதல் படி தனித்திருக்கும்போது பேசுவதுதான். நம்மவர்களோ நேராகக் கடைசிப் படிக்குப் போய், பங்குப் பேரவையில் வைத்துப் பேசிவிடுவார்கள். யோவான் 8ஆம் அதிகாரத்தில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணிடம் "நானும் தீர்ப்பு அளிக்கவில்லை" என்பதும் "இனிப் பாவம் செய்யாதீர்" என்பதும் எப்போது சொல்லப்படுகின்றன என்று பாருங்கள். கல்லோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகுதான். கூட்டம் நிற்கும்போது இயேசு தரையில் எழுதிக்கொண்டிருக்கிறார், பாவமில்லாதவர் முதல் கல்லை எறியட்டும் என்று கூட்டத்திடம்தான் சொல்கிறார், அந்தப் பெண்ணிடம் ஒன்றும் பேசவில்லை. அங்கே எஞ்சியது இருவர், பரிதாபத்துக்குரியவளும் பேரிரக்கமும் என்று புனித அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் இரக்கத்தின் சிறப்பு யூபிலி ஆண்டை முடித்து எழுதிய மடலுக்கு அந்தச் சொற்களையே தலைப்பாக வைத்தார்.

முதல் தடவை போகும்போது விஷயத்தை எடுக்கவே வேண்டாம். டீ கொடுத்தால் குடியுங்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களே எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். நான் அந்த அக்கா வீட்டுக்கு மூன்றாவது முறை போனபோதுதான், அதுவும் கரண்ட் போய் எல்லோரும் வாசலுக்கு வந்து உட்கார்ந்த நேரத்தில், "தம்பி, ஒண்ணு கேக்கணும், நான் செத்தா நம்ம கல்லறையில எடம் கொடுப்பாங்களா?" என்றார். பதினேழு வருடம் கைப்பைக்குள் தேடியது இதைத்தான் போல.

இங்கே பொதுவாக நாம் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவது. "திருமணப் பிரச்சனை" என்றால் எல்லாம் ஒன்றல்ல, கேட்டுப் பிரித்தாக வேண்டும்.

அக்காவுடையது பதிவுத் திருமணம், கணவர் இந்து. கத்தோலிக்கர் ஒருவர் குருவின் முன்னிலையில், உரிய சாட்சிகளோடு, திருச்சபை முறைப்படி செய்யவில்லை என்றால், விதிவிலக்கும் வாங்கவில்லை என்றால், அந்தத் திருமணத்தைத் திருச்சபை செல்லுபடியானதாக ஏற்பதில்லை. இது உண்மை, இதை மழுப்பக் கூடாது. ஆனால் மீதியையும் கேளுங்கள். இருவரும் சம்மதித்தால் மறைமாவட்டத் தலைவரான ஆயரிடம் வேற்று மதத்தவரை மணப்பதற்கான விதிவிலக்கு பெற்று, பங்குத்தந்தை முன் எளிமையாகத் திருமணத்தைச் செல்லுபடியாக்கலாம். பந்தல், பேண்டு, ஊர் விருந்து எதுவும் வேண்டாம், இரண்டு சாட்சி போதும். கணவர் ஞானஸ்நானம் வாங்கியே ஆகவேண்டும் என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அது தவறு. கத்தோலிக்கத் தரப்புதான் தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். மறு தரப்புக்கு அந்த வாக்குறுதி தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கணவர் கோவிலுக்கு வரவே மாட்டேன் என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. சேர்ந்து வாழும் சம்மதம் இருவரிடமும் நீடிக்கிறது என்றால், சம்மதத்தைத் திரும்பச் சொல்லவைக்காமலே அந்தத் திருமணத்தை வேரிலிருந்தே குணப்படுத்த ஆயருக்கு அதிகாரம் உண்டு. இதைப் பல பங்குகளில் கேள்விப்பட்டவர்களே குறைவு.

அடுத்தது விவாகரத்து. கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிட்டுத் தனியாக வாழ்பவர் நன்மை வாங்கக்கூடாது என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். விவாகரத்தானதாலேயே எந்தத் தடையும் வருவதில்லை. குடிகாரக் கணவனிடமிருந்து உயிர் தப்பி வந்த பெண்ணைப் பின்வரிசையில் உட்காரவைத்த பாவம் நம் தலையில்.

விவாகரத்துக்குப் பிறகு மறுமணம் செய்தவர் நிலை வேறு, இங்கே நிதானம் வேண்டும். முதல் திருமணம் தொடக்கத்திலேயே செல்லுபடியானதா என்று மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் விசாரிக்கும். கட்டாயப்படுத்தி நடந்த திருமணம், பெரிய விஷயத்தை மறைத்து ஏமாற்றி நடந்தது, திருமணப் பொறுப்பை ஏற்க முடியாத அளவு மனநிலைக் கோளாறு இருந்தது போன்றவை காரணங்களாகலாம். 2015இல் பிரான்சிஸ் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு இரண்டு நீதிமன்றங்கள் ஒத்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விட்டது, ஒன்று போதும். இதை "சர்ச் டைவர்ஸ்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள், கட்டாயம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் முறைகேடானவர்கள் ஆகிவிடுவார்களோ என்று பயப்படுவார்கள், ஆகமாட்டார்கள் என்று அடித்துச் சொல்லுங்கள். அப்புறம், திருச்சபைத் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தில் செல்லாது, நீதிமன்ற விவாகரத்து தனியாக வேண்டும்.

வழக்குக்கு இடமே இல்லை என்றால்? அங்கே நன்மை வாங்கலாமா கூடாதா என்று நாம் தீர்ப்புச் சொல்லக் கூடாது, எந்தப் பக்கமும். 1981இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இப்படி மறுமணம் செய்தவர்களைத் திருச்சபையிலிருந்து பிரிந்தவர்களாக நினைக்கவேண்டாம், ஆனால் நற்கருணைக்கு, சகோதர சகோதரியாக வாழ்ந்தால் தவிர, இடமில்லை என்று எழுதினார். 2016இல் பிரான்சிஸ், உடன் நடந்து, தேர்ந்து தெளிந்து, இணைத்துக்கொள்ளச் சொன்னார். சில சூழல்களில் அதில் நற்கருணை போன்ற அருளடையாளங்களின் உதவியும் அடங்கலாம் என்று ஒரு அடிக்குறிப்பு வைத்தார், அதைப் பற்றிக் கர்தினால்மார்களே இன்னும் வாதிடுகிறார்கள். நாம் ஏன் ஒரு திண்ணையில் அதை முடித்துவைக்க வேண்டும்? "அக்கா, இதை ஃபாதரோட உக்காந்து பேசணும், நான் கூட வர்றேன்" என்பதுதான் நம் வேலை. பூசைக்கு வரவும், செபிக்கவும், பிள்ளைகளை மறைக்கல்விக்கு அனுப்பவும் அவர்களுக்குத் தடையில்லை, இதை முதல் நாளே சொல்லிவிடலாம்.

சொல்லும் விதத்துக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. இயேசு சொன்ன கதையில் நல்ல சமாரியர், வழியில் அடிபட்டுக் கிடந்தவர் காயத்தில் திராட்சை மதுவும் எண்ணெயும் வார்த்தார் அல்லவா, ஆறாம் நூற்றாண்டின் முடிவில் திருத்தந்தை பெரிய கிரகோரி அதைப் பிடித்துக்கொண்டு, மது புண்ணை எரித்துச் சுத்தம் செய்யும், எண்ணெய் ஆற்றும், ஆயனிடம் இரண்டும் வேண்டும் என்றார். நான் இதோடு ஒன்று சேர்ப்பேன்: கட்டுப் போடுவதற்கும் கையில் துணி இருக்கட்டும். "தப்பு" என்று சொல்லிவிட்டு எழுந்து வராதீர்கள். அடுத்து எங்கே, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க, என்ன காகிதத்தோடு என்பது வரைக்கும் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

இரக்கம் என்ற பெயரில் நடக்கும் அநியாயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிப்பவன் பூசைக்கு வந்து அழுதால் நாம் உருகிவிடுகிறோம், மனைவியிடம் போய் "சிலுவையைச் சுமந்துக்கோம்மா" என்கிறோம். அடி வாங்கியவள் முதுகில் ஏறி நின்று அடித்தவனுக்குக் காட்டும் இரக்கம் அது. ஆபத்து இருந்தால் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே அனுமதிக்கிறது. அவளுக்கு 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கொடுங்கள், அவனிடம் நேராகப் பேசி, குடியை விட முயல்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரித்துக் கூட்டிப் போங்கள். குழந்தைக்கு நேர்ந்த பாலியல் கொடுமை என்றால் அன்பியம், பங்குப் பேரவை, சமாதானம் என்று எந்தப் பேச்சும் கிடையாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். செய்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.

கருக்கலைப்பைப் பத்து இருபது வருடமாக மனசில் சுமக்கும் பெண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ஆயரிடம்தான் போகவேண்டும் என்று பயந்து ஒதுங்குவார்கள். 2016 முதல் எல்லாக் குருக்களுமே அந்தப் பாவத்துக்கு மன்னிப்பு அளிக்கலாம் என்று சொல்லுங்கள், விவரம் கேட்காதீர்கள்.

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற, கூட்டிப் போவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். திருவிழாவுக்கு முந்தின நாள் நீண்ட வரிசையில் நிறுத்தாதீர்கள், பின்னால் நிற்பவர் நிமிடம் எண்ணுவார். வார நாளில், காலைப் பூசைக்குப் பிறகு போகலாம். சொந்தப் பங்குச் சாமியிடம் கூச்சம் என்றால் பக்கத்துப் பங்கு, இல்லையென்றால் வேளாங்கண்ணி, அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. ரொம்ப வருடம் ஆனவர்களுக்கு அங்கே சொல்ல வேண்டிய உத்தம மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்காக வருந்தும் செபம்) மறந்திருக்கும், அதுவே பாதிப் பயம். ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த அக்கா தாளை மடித்து மடித்து உள்ளங்கைக்குள் வைத்திருந்ததில் வியர்வையில் மை கரைந்து, உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வரியும் தெரியவில்லையாம். ஃபாதரே வரி வரியாகச் சொல்ல, இவர் திருப்பிச் சொன்னாராம்.

திரும்பி வந்தவரைச் சாட்சி சொல்ல மேடையேற்றாதீர்கள். நன்மை வாங்கும் அன்று திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், கை தட்டவும் வேண்டாம். வேலை கொடுங்கள்: வாசகம், பூ அலங்காரம், சிறுபிள்ளைகளுக்கு மறைக்கல்வி, எதுவானாலும். நான் நோட்டில் அந்தப் பென்சில் கோட்டை அழித்துவிட்டு அடுத்த மாதக் கூட்டத்தை அவர் வீட்டில் போட்டேன். கணவர் முன்னறையில் நாற்காலி அடுக்கிவிட்டு, நாங்கள் செபமாலை தொடங்கியதும் அடுப்படிக்குப் போய்விட்டார். சுண்டலில் கொஞ்சம் உப்பு தூக்கலாக இருந்தது.