பழைய பேனா நிப்பில் என்ன பொறித்திருக்கிறது? படித்துப் பார்ப்போம்

பழைய பேனா கைக்கு வந்ததும் இங்க் ஊற்றி எழுதத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். நிப்பின் முதுகில் பொடி எழுத்தில் ஏதோ பொறித்திருக்கும். முதலில் அதைப் படித்துவிடுவோம்.

கழுவுவதிலிருந்து தொடங்கலாம். நிப்பு மட்டும் முங்கும் அளவு சாதாரணத் தண்ணீரில் அரை மணி நேரம் வையுங்கள். பேனாவை முழுசாக ஊறப்போட்டால், அது எபொனைட்டாக (கெட்டிப்படுத்திய ரப்பராக) இருக்கும் பட்சத்தில், கறுப்பு வெளுத்துப் பழுப்பேறிவிடும்.

அடுத்து வெளிச்சம். டார்ச்சை நேராக அடித்தால் பளபளப்பு மட்டும்தான் தெரியும். பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். நகைக்கடையில் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் சௌகரியம். பாதி எழுத்து பேனாவின் கழுத்துக்குள் மறைந்திருந்தாலும் நிப்பைப் பிடுங்க வேண்டாம்.

இப்போது உலோகத்தைப் பாருங்கள். ‘14கே’, ‘585’ இரண்டும் 14 காரட்டைக் குறிப்பவை. ‘18கே’, ‘750’ என்றால் 18 காரட். பிரெஞ்சு நிப்பில் இம்மியளவு கழுகுத் தலை இருந்தால் அது அந்நாட்டின் 18 காரட் முத்திரை. காந்தத்தில் ஒட்டினால் எஃகு. ஒட்டவில்லை என்பதற்காகத் தங்கம் என்று குதிக்க வேண்டாம். ஜெர்மன் கம்பெனியான பெலிக்கனின் நிப்பில் ‘சிஎன்’ என்று இருந்தால் குரோம்-நிக்கல் எஃகு. 1938இல் ஜெர்மனியில் நிப்புக்குத் தங்கம் கூடாது என்று தடை வந்த பிறகு பிறந்தது அது.

‘வாரண்டட் 14கே’ என்று மட்டும் போட்டு கம்பெனிப் பெயரே இல்லையா? நிப்பு மட்டும் செய்து பலருக்கும் விற்றவர்களின் சரக்கு. சின்ன பிராண்டு பேனாவில் அது சகஜம். பெரிய கம்பெனிப் பேனாவில் இருந்தால், அநேகமாக யாரோ இடையில் மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் எண்கள். எல்லா எண்ணும் வருஷம் அல்ல. மோன்பிளாங்க் கம்பெனியின் ‘4810’, அதே பெயருள்ள ஆல்ப்ஸ் மலைக்குச் சொல்லப்பட்டு வந்த உயரம், மீட்டரில். ஷெஃபர் ‘லைஃப்டைம்’ நிப்பில் உள்ளது வரிசை எண். பைலட் நிப்பில்தான் தேதி கிடைக்கும்: ‘எச் 274’ என்றால் ஜப்பானின் ஹிராட்சுகா ஆலை, 1974 பிப்ரவரி.

எனக்குப் பிடித்தது வாட்டர்மேன் 7ஆம் எண் பேனா. 1927இல் வந்தது. நிப்பின் துளை சாவித்துவாரம் போல இருக்கும், பக்கத்தில் ஒரு நிறத்தின் பெயர் இருக்கும். என்னிடம் வந்ததில் ‘ரெட்’ என்று இருந்தது. சிவப்பு இங்க்குக்கான பேனா போலும் என்று சிவப்பையே ஊற்றி ஒரு மாதம் எழுதினேன்! உண்மையில் அந்த நிறம் நிப்பின் குணத்தைச் சொல்கிறது. ரெட் என்றால் எல்லாருக்கும் பொதுவான நடுத்தரம். பிங்க் வளைந்து கொடுக்கும் மெல்லிய முனை. இன்று அதற்குத்தான் அடிதடி. பர்ப்பிள் கணக்கெழுதுபவர்களுக்கான விறைப்பான மெல்லிய முனை. கிரீன் எவ்வளவு அழுத்தினாலும் விரியாது. கார்பன் காகிதம் வைத்துப் பிரதி எடுப்பவர்களுக்கானது. மூடியிலும் அதே நிறத்தில் ஒரு வளையம் இருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட அன்றுதான் என் பேனாவின் மூடியை எடுத்துப் பார்த்தேன். வளையம் பச்சை.