மொட்டைமாடி ஆண்டெனாவில் ஒட்டுப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிற்றலை கேட்பவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆண்டெனாவில் பழுது வந்தால் ரேடியோ ஒரேயடியாக ஊமையாகிவிடாது. ஒட்டு விட்டுப்போனாலும் மிச்சமிருக்கும் கம்பி எதையாவது பிடித்துக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். 31 மீட்டர் பேண்டில் தெளிவாக வந்த நிலையம் மங்கினால், சிற்றலையைத் திருப்பி அனுப்பும் வானத்து அயனி மண்டலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த அலைவரிசைக்குப் போய்விடுவோம். மாடியில் ஒட்டு பச்சை பூத்துக் கிடப்பது பல மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

முதல் தவறு, தேவையில்லாத இடத்தில் ஒட்டுப் போடுவது. 15 மீட்டர் ஆண்டெனா, அதிலிருந்து ரேடியோவுக்கு 8 மீட்டர் இறக்கம் என்றால் பலரும் இரண்டு துண்டாக வாங்கி இணைக்கிறார்கள். ஒரே துண்டாக 25 மீட்டர் வாங்கிவிடுங்கள். வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் 1 சதுர மி.மீ. பிவிசி ஒயரே போதும். அதைப் பீங்கான் இன்சுலேட்டரின் துளை வழியே கொடுத்து, இறுக்கிக் கட்டி, மீதியை வெட்டாமல் அப்படியே கீழே இறக்கலாம். மேலுறையை உரிக்கவும் வேண்டாம். ரேடியோ அலைக்குப் பிவிசி ஒரு தடையே இல்லை. கம்பி கறுக்காமல் இருக்கவும் அது உதவும்.

ஒட்டுப் போட்டே ஆகவேண்டும் என்ற நிலையில்தான் பெரிய தவறு நடக்கிறது. கம்பிகளை லேசாக முறுக்கி, மேலே ஈயத்தை வைத்துவிட்டு, இனி தாங்கும் என்று நம்புகிறோம். தாங்காது. ஈயம் என்று நாம் சொல்லும், வெள்ளீயமும் காரீயமும் கலந்த சால்டர் 183 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும் மென்மையான உலோகம். இழுவையிலேயே இருந்தால் அது நாளடைவில் நெகிழ்ந்து கொடுத்துவிடும். இழுவையை முறுக்குத்தான் தாங்கவேண்டும். காற்றும் ஈரமும் உள்ளே போகாமல் அடைத்து மின்தொடர்பைக் காப்பதுதான் சால்டரின் வேலை. தந்திக் கம்பி காலத்து லைன்மேன்கள் போட்ட முறுக்கு இதற்கு இன்றும் பொருந்தும். இரண்டு முனைகளிலும் 8 செ.மீ. அளவுக்கு உரித்து, குறுக்காக வைத்து, நடுவில் ஓரிரு தளர்ந்த சுற்று. அப்புறம் ஒவ்வொரு முனையையும் மற்ற கம்பியின் மேல் நெருக்கமாக ஐந்தாறு சுற்று. ஈயம் வைப்பதற்கு முன்பே இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் முறுக்கைப் பிரித்து மறுபடி போடவேண்டியதுதான்.

அடுத்தது சூடு. 25 வாட் சால்டரிங் அயர்ன் சர்க்யூட் போர்டுக்குப் போதும். மாடியில் காற்றடிக்கும்போது தடித்த செம்புக் கம்பிக்குப் போதாது. கம்பியே சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது ஈயத்தை அயர்ன் நுனியில் உருக்கிச் சொட்டவிடத் தோன்றும். அப்படி வைத்த ஈயம் உருண்டையாக, மங்கலாக மேலே உட்கார்ந்திருக்குமே தவிர, கம்பியைப் பிடித்திருக்காது. 60 முதல் 100 வாட் அயர்ன் எடுத்து, முடிந்தவரை அறைக்குள்ளேயே வேலையை முடியுங்கள். அயர்னை முறுக்கின் ஒரு பக்கம் வைத்துச் சூடாக்கி, ஈயத்தை எதிர்ப்பக்கம் கம்பியில் தொடுங்கள். கம்பியின் சூட்டிலேயே அது உருகி இடுக்குகளுக்குள் ஓடவேண்டும். ஆறிய பிறகு முறுக்கின் ஒவ்வொரு சுற்றும் ஈயத்தின் அடியில் தனித்தனியாகத் தெரிந்தால் ஒட்டு சரி.

கறுத்த பழைய கம்பியில் எத்தனை சூடு காட்டினாலும் ஈயம் பிடிக்காது. மோட்டார் காயில் கட்டும் இனாமல் கம்பியும் அப்படித்தான். பார்க்க வெறும் செம்பு மாதிரியே இருக்கும். மேலே மெல்லிய பூச்சு இருக்கிறது. உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்துவிட்டுத்தான் முறுக்கவேண்டும். ஈயம் பிடிக்க உதவும் பேஸ்ட் வேண்டுமென்றால் ரோசின் (மரப்பிசின்) வகைதான். தகரம் பற்றவைக்கும் அமிலத் திராவகம் உடனே பிடிக்கும், ஆனால் மிஞ்சும் அமிலம் செம்பைத் தின்றுகொண்டே இருக்கும்.

பல இழைக் கம்பியில் இன்னொரு தொல்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறிய இடம்வரை கம்பி விறைத்துப்போகும். காற்றில் ஆடும்போது விறைப்பு முடிகிற இடத்தில், உறைக்குள்ளேயே, இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒட்டின் இரு பக்கமும் கம்பி ஆடாதபடி சிறு நைலான் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

துணி காயப்போடும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியையோ அலுமினியக் கம்பியையோ செம்போடு முறுக்குவதை நான் எந்த நிலையிலும் சொல்லமாட்டேன். ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கிடையே அரிப்பு தொடங்கிவிடும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் அது இன்னும் வேகம். அரித்த இணைப்பு, மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு போல நடந்துகொள்ளவும் கூடும். அப்போது அருகிலுள்ள பலமான மத்திய அலை நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து, சிற்றலையில் இல்லாத இடத்திலெல்லாம் கேட்கும். ரேடியோவைக் குறைசொல்லிப் பயனில்லை.

சாதாரண இன்சுலேஷன் டேப்பின் பசை சித்திரை வெயிலில் இளகி வழியும். பிறகு வரும் மழைநீர் உள்ளே தங்கிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றி, அதன் மேல் கறுப்பு பிவிசி டேப் சுற்றுவது நல்லது. உள்ளே பசையுள்ள, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் அதைவிட நல்லது. முறுக்கும் முன்பே கம்பியில் மாட்டிவைக்க மறந்துவிடாதீர்கள். காடி வாசம் வரும் சிலிக்கான் வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். ஜன்னலுக்குள் நுழையும் முன் கம்பியைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரில் முனைக்கு முனை பாருங்கள். 1 சதுர மி.மீ. செம்பு 20 மீட்டருக்கு அரை ஓமுக்கும் குறைவாகவே காட்டவேண்டும். அப்புறம் ஒரு நிலையத்தை வைத்துக்கொண்டு, மாடியில் ஒருவரை ஆண்டெனாவைக் கட்டிய கயிற்றை ஆட்டச் சொல்லுங்கள். கரகரப்பு கேட்டால் ஒட்டைப் பிரிக்கத்தான் வேண்டும்.

ஈ.பி. லைனுக்கு மேலாகவோ கீழாகவோ ஆண்டெனாவைக் கொண்டுபோகவே கூடாது. அறுந்து விழுந்தாலும் லைனைத் தொடாத தூரம் வேண்டும். இடி மின்னல் வரும்போல இருந்தால் முன்கூட்டியே ரேடியோவிலிருந்து கழற்றி, இறக்கக் கம்பியை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். இடிக்கத் தொடங்கிய பிறகு அதைத் தொடப் போகாதீர்கள்.