மெட்டல் பேட் வாங்கும் முன் ரோட்டரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையில் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி மாணவரைப் பார்த்தேன். கியர் சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்துவிட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தார். அரத்தால் இரும்பை ராவுவது போல் ஒரு சத்தம். "புது பேட்தான் அண்ணா, போட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை" என்றார். குனிந்து பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே பாதையில் நான் செய்த அதே தவறு.

சைக்கிள் டிஸ்க் பிரேக்கில் சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடு ரோட்டர், அதை இருபக்கமும் நெரித்துப் பிடிப்பவை பேடுகள், அந்தப் பேடுகளைத் தாங்கி அழுத்துவது காலிப்பர். பேட் தேய்ந்தால் மாற்ற வேண்டும், ரோட்டரில் எண்ணெய்க் கை படக்கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாமலேயே பணம் போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

காலிப்பரின் விலையை மட்டும் பார்ப்பது

விலை குறைந்த கியர் சைக்கிள்கள் பலவற்றில் பிரேக் லீவரும் கியர் மாற்றியும் ஒரே உடலாக இருக்கும். ஒயர் இழுத்து இயங்கும் கேபிள் பிரேக்கைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் போட ஆசைப்படுகிறவர், பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் பழைய லீவரோடு கியர் மாற்றியும் போய்விடும் என்பதைக் கவனிக்கிறார். தனிக் கியர் மாற்றிகள் இரண்டு, புது ஒயர்கள், கூலி என்று செலவு ஏறுகிறது. உங்கள் சைக்கிள் அப்படிப்பட்டது என்றால், தரமான கேபிள் காலிப்பர் ஒன்றும் புது ஒயரும் உறையும் போதும். வாங்கும்போது மலைச் சைக்கிள் லீவருக்கென்று செய்த காலிப்பரைக் கேளுங்கள். வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரேஸ் சைக்கிளின் லீவர் ஒயரை இழுக்கும் அளவு வேறு. அதற்கான காலிப்பர் உங்கள் லீவரோடு சரியாக வேலை செய்யாது.

ரோட்டரைப் பார்க்காமல் மெட்டல் பேட் வாங்குவது

அந்த மாணவருக்கு நடந்தது இதுதான். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவதும் இதை நினைத்தால்தான்.

சைக்கிள் டிஸ்க் பேடுகளில் பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கும். இழைகளையும் பொடிகளையும் பிசினால் பிணைத்துச் செய்வது ரெசின் பேட். உலோகப் பொடியைச் சூட்டில் அழுத்திச் செய்வது மெட்டல் பேட். ரெசின் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடி தளரும், மழையில் சீக்கிரம் கரையும். மெட்டல் நாள்பட உழைக்கும், சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். ஆகவே "மலையிறங்குகிறாயா, மெட்டல் போடு" என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை. பாதி மட்டும் உண்மை.

மீதிப் பாதி ரோட்டரில் இருக்கிறது. விலை குறைந்த ரோட்டர்கள் பலவற்றின் எஃகு மென்மையானது, ரெசின் பேடுக்கென்றே செய்யப்பட்டது. அந்த ரோட்டரின் மீதே பெரும்பாலும் "ரெசின் பேட் ஒன்லி" (ரெசின் பேட் மட்டும்) என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதில் மெட்டல் பேடைப் போட்டால் ரோட்டரைத்தான் அது தின்னும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் ஒகேனக்கல் இறக்கத்தில் பாதித் தூரத்திலேயே கருகிய வாடை வந்தது, லீவரை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி நிற்கவில்லை. பயந்துபோய் மறுவாரமே ஒரு பெரிய கடையில் கேட்டேன். எந்த ரோட்டர் என்று ஒரு வார்த்தை கேட்காமல் மெட்டல் பேட் இரண்டு ஜோடி எடுத்துக் கொடுத்தார்கள். முதல் சில வாரங்கள் அற்புதமாகப் பிடித்தது. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில்கூடக் கவலையில்லாமல் இறங்கினேன், நண்பர்களுக்கும் சிபாரிசு செய்தேன். மழைக்காலம் வந்ததும் உரசல் சத்தம் தொடங்கியது. செம்மண் புழுதிதான் என்று நினைத்துக் கழுவிக் கழுவிப் பார்த்தேன்.

ஐந்தாவது மாதம் ரோட்டரின் விளிம்பில் விரலை ஓட்டியபோது நகம் ஒரு படியில் தட்டி நின்றது. பேட் உரசும் வளையம் முழுவதும் பள்ளமாகியிருந்தது. ஷிமானோ போன்ற நிறுவனங்களின் புது ரோட்டரின் தடிமன் பொதுவாக 1.8 மில்லிமீட்டர், 1.5-க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். என்னுடையது 1.3. ஈரத்துணியால் துடைத்தபோது ரோட்டரின் ஆரத்தில் அந்த மூன்று சொற்களும் பளிச்சென்று தெரிந்தன. வாங்கிய நாளிலிருந்து அவை அங்கேயே இருந்திருக்கின்றன. ரோட்டரும் மெலிந்து பேடும் தேய்ந்திருந்ததால் பின்பக்கக் காலிப்பரில் பேடைத் தள்ளும் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து, அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வழியாக எண்ணெய் கசிந்திருந்தது. இரண்டு ரோட்டர், இரண்டு ஜோடி பேட், ஒரு காலிப்பர் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பணத்தைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. மெலிந்த ரோட்டர் சூட்டில் எளிதில் வளையும், உடையவும் கூடும். அது நடப்பது சமதளத்தில் இருக்காது, இறக்கத்தில்தான் இருக்கும். அந்த மாணவரின் ரோட்டரிலும் நகம் தட்டியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கச் சொன்னேன்.

எனவே பேடையும் ரோட்டரையும் ஒரே பொருளாக நினைத்து விலை பாருங்கள். ஷிமானோ ரோட்டர்களில் ஆர்டி-56 ரெசினுக்கு மட்டும், ஆர்டி-66 ரெசின், மெட்டல் இரண்டுக்கும் பொருந்தும். இரண்டும் ஆறு போல்ட்டால் பூட்டும் ரோட்டர்கள்தான், எண்ணில் ஓர் இலக்கம்தான் வித்தியாசம். புது ரோட்டர் வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் ரெசினிலேயே இருங்கள், அதில் தவறே இல்லை. தொப்பூர் கணவாயில் லாரிகள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக்கை மிதித்தபடியே வருகிற வண்டிதான் கருகுகிறது. சைக்கிளிலும் லீவரை இடைவிடாமல் அழுத்திப் பிடிக்காதீர்கள். வளைவுக்கு முன் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், நேர்ப்பாதையில் விட்டு ஆறவிடுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அனுமதித்தால் முன்பக்கம் 160-லிருந்து 180 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரோட்டருக்கு மாறலாம். காலிப்பரைத் தள்ளிப் பூட்ட அதற்கேற்ற அடாப்டரும் வேண்டும். அதே விரல் அழுத்தத்தில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடி கிடைக்கும், சூடும் சீக்கிரம் ஆறும்.

கியர் ஒயரின் உறையைப் பிரேக்குக்குப் போடுவது

வேண்டவே வேண்டாம். அதன் கம்பிகள் நீளவாக்கில் ஓடுகின்றன, ஓங்கிப் பிடித்தால் பிளந்துகொள்ளும்.

ஹப்பைப் பார்க்காமல் ரோட்டர் வாங்குவது

ரோட்டர் பூட்டப்படுவது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில். ஆறு போல்ட் ஹப்பில், நடுவில் ஒரே வளையத்தால் பூட்டும் சென்டர் லாக் ரோட்டர் உட்காராது.

பழைய பேடை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போவது

பேடின் வடிவம் காலிப்பருக்குக் காலிப்பர் மாறும். கழற்றி எடுத்துப்போங்கள்.

உள்பக்கப் பேடை மறந்துவிடுவது

விலை குறைந்த கேபிள் காலிப்பர்களில் பெரும்பாலும் வெளிப்பக்கப் பேட் மட்டுமே நகரும். அது ரோட்டரைத் தள்ளி உள்பக்கப் பேடோடு சேர்த்து நெரிக்கிறது. உள்பக்கப் பேட் தேயத் தேய ரோட்டர் அதிகமாக வளைய வேண்டியிருக்கிறது, பிடி மந்தமாகிறது. பலரும் ஒயரை மட்டும் இறுக்கிப் பார்த்துவிட்டுப் புது காலிப்பர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே ஆலன் கீயை விட்டுத் திருகி, உள்பக்கப் பேடை ரோட்டரைத் தொடாத அளவுக்கு மிக நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பாதிக் காலிப்பர்கள் இதிலேயே உயிர் பெற்றுவிடும்.

மோட்டார் சைக்கிள் பிரேக் ஆயிலை ஊற்றுவது

ஷிமானோ, டெக்ட்ரோ நிறுவனங்களின் ஹைட்ராலிக் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில்தான். மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருப்பது டாட் ஆயில். அது சீலை ஊதவைத்துவிடும், அதன் பிறகு லீவர் திரும்பாது.

வலது, இடது பார்க்காமல் செட் வாங்குவது

நம் ஊரில் வலக்கை முன்பிரேக். வெளிநாட்டுச் சந்தைக்கென்று வரும் ஹைட்ராலிக் செட்கள் பலவற்றில் முன்சக்கரத்துக்கான குட்டைக் குழாய் இடது லீவரில் இருக்கும். மாற்றிப் பூட்டலாம். ஆனால் குழாயைக் கழற்றினால் எண்ணெய்க்குள் புகும் காற்றை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும்.

மாட்டிய அன்றே மலை இறங்குவது

புது பேடும் ரோட்டரும் முதல் நாள் பிடிக்காது. பேடின் பொருள் மெல்லிய படலமாக ரோட்டரில் படிய வேண்டும். ஊருக்கு வெளியே சமதளச் சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறையுங்கள். முன்பிரேக்கில் இருபது முறை, பின்பிரேக்கில் இருபது முறை. முதல் ஐந்தாறு முறை ஒன்றும் நடக்காதது போலிருக்கும். இருபதை நெருங்கும்போது பிடி இறுகியிருப்பது விரலுக்கே தெரியும். அதன் பிறகு பென்னாகரம் பக்கம் கிளம்புங்கள்.