கால்பந்து நாவல் எப்படி என்று பிள்ளைகளிடம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும், கேரள எல்லை தாண்டினால் பொழியூரிலும், பந்து விளையாடாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கரையின் இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ், ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் வரை போய் ஆடியவர். அதனால் சிறுவர்களுக்கான கால்பந்து நாவல் ஒன்று ஊர் நூலகத்துக்கு வந்துவிட்டால், நம்ம பிள்ளைகளிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்போம் என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கடைசியில் கையில் கிடைப்பது, ‘கொள்ளாம் சார்’, ‘கதை நன்றாக இருந்தது, விடாமுயற்சி வேண்டும் என்று தெரிந்துகொண்டேன்’. இதில் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. கேட்கிறவர்கள் கேட்கிற விதம் அப்படி.

‘இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?’ என்ற கேள்வியை முதலில் விட்டுவிட வேண்டும். அது பரீட்சைக் கேள்வி. அதற்கு எந்த விடைக்கு மார்க் என்பது நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய், எதைத் தாவிப் போனாய், எந்த இடத்தைக் கூட்டுக்காரனிடம் சொன்னாய் என்று கேட்டுப் பாருங்கள். இவற்றுக்கு மரியாதையான பொய் சொல்வது கடினம். எழுத்தாளரைப் பொன்னாடையோடு முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்பதும் வேண்டாம். அவர் அடுத்த வாரம் வரட்டும். வகுப்பாசிரியரும் வெளியே ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

பெரிய தவறு வேறொன்று. பிள்ளைகள் ஆட்டத்தில் பிழை பிடித்தால், ‘தம்பி, கதையில் அதெல்லாம் பார்க்கக் கூடாது’ என்று வாயை அடைத்துவிடுவது. பக்கக் கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கதாநாயகன் கைகளால் எறிகிற த்ரோ யாரையும் தொடாமல் நேராக வலைக்குள் போகிறது, ஊரே துள்ளிக் குதிக்கிறது என்று ஒரு நாவல் எழுதினால், ஆறாம் வகுப்புப் பையன் அங்கேயே புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவான். அது கோல் ஆகாது. எதிரணிக்கு கோல் கிக்தான், அதாவது தங்கள் கோல் முன்னாலிருந்து பந்தை உதைக்கிற வாய்ப்புதான் கிடைக்கும். த்ரோவிலிருந்து வரும் பந்தை நேரடியாக வாங்கினால் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி முன்னால் நிற்கிற பிழை) கிடையாது என்பதும் அவனுக்குத் தெரியும். இவற்றில் தப்புப் பண்ணிய எழுத்தாளர் அம்மாவின் கண்ணீரைப் பற்றி எழுதும்போது மட்டும் அவன் ஏன் நம்ப வேண்டும்? ஆட்டத்தில் அவன் பிடிக்கிற பிழை அசல் விமர்சனம், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மணலும் அப்படித்தான். கடற்கரை ஆட்டம் என்றால் நாவலாசிரியர்களுக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. பந்து மணலில் சரசரவென்று உருண்டு போகிறது. காய்ந்த மணலில் பந்து அப்படி உருளாது, புதைந்து நின்றுவிடும். அலை நனைத்து இறுகிய ஓரத்தில்தான் தரையோடு பாஸ் போகும். மேலே வந்தால் பந்தைத் தூக்கிவிட்டுத்தான் ஆட வேண்டும். மணலுக்கென்றே விதி வகுத்த பீச் சாக்கரில் அணிக்கு 5 பேர், 12 நிமிடங்களாக 3 பகுதி, அவ்வளவுதான். 90 நிமிடம் மணலில் ஓடிவிட்டு, கடைசியில் பாய்ந்து தலையால் முட்டுகிற கதாநாயகனைக் கண்டு பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும், அதட்டாதீர்கள்.

இன்னொன்றைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. மீனவக் குடும்பத்துக் கதையில் தினமும் சாயங்காலம் அப்பா வந்து ஓரமாக நின்று மகன் ஆடுவதைப் பார்ப்பார். இந்தக் கரையில் நிறைய அப்பாக்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். போனால் வாரக்கணக்கில் கடல்தான். ‘இவங்க அப்பா எப்ப கடலுக்குப் போவாரு?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த ஒரு வரி ஒரு பக்க மதிப்புரைக்குச் சமம். உடனே ‘உங்க அப்பா இப்ப எங்க இருக்காரு?’ என்று குடும்பக் கதைக்குள் இறங்கிவிட வேண்டாம். கேட்க வந்தது புத்தகத்தைப் பற்றி.

கடைசி நிமிட கோல் பற்றிப் பிள்ளைகள் அலுத்துக்கொண்டால், ‘ஏன், நிஜத்தில் நடக்கவில்லையா?’ என்று மடக்குகிறவர்கள் உண்டு. நடந்திருக்கிறது. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் எம்பாப்பே கூடுதல் நேரத்தில், 118ஆம் நிமிடத்தில் பெனால்டி அடித்து 3-3 ஆக்கினார், பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் அர்ஜென்டினா 4-2 என்று வென்றது. ஆனால் அன்றைக்கு யாருக்கும் முடிவு தெரியாது. நாவலில் பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. பிள்ளையின் அலுப்பு அதைப் பற்றியது, உலகக் கோப்பையைக் காட்டி அதை வெல்ல முடியாது.

கதாநாயகன் அர்ஜென்டினா ஜெர்சி போட்டதற்காகவே புத்தகத்தை வெறுக்கிற பிரேசில் ரசிகர்கள் இருப்பார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், நியாயம் பேச வேண்டாம்.

அப்புறம், பந்து ஆடுகிறவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு முடித்துவிடக் கூடாது. ஆடுகிற பிள்ளை எழுத்தாளர் விட்ட இடத்தைத் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொள்கிறது. யார் யாருக்கு பாஸ் கொடுத்தார், கோல்கீப்பர் எங்கே நின்றார் என்பது எழுத்தில் தெளிவாக இருக்கிறதா என்று சொல்லக்கூடியது மைதானப் பக்கமே போகாத பிள்ளைதான். அது பையனாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

மொழி விஷயத்திலும் பொறுமை வேண்டும். 1956 நவம்பர் 1இல், இந்த ஊர்கள் இருந்த விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, ஆனால் உறவும் பள்ளிக்கூடமும் இன்றைக்கும் எல்லைக்கு இரு பக்கமும் இருக்கின்றன. மலையாள வழியில் படிக்கிற பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிக்கும். அது ‘போர் அடிக்குது’ என்று சொன்னால் கதை போரா, எழுத்துக் கூட்டுவது போரா என்று பார்க்க வேண்டும். ஓர் அத்தியாயத்தை வாசித்துக் காட்டிவிட்டு மறுபடி கேட்டால் தெரிந்துவிடும். பிள்ளை ‘பந்து களி’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள். ‘கால்பந்து விளையாட்டு’ என்று திருத்தியபின் குரல் உங்களுடையதாகிவிடுகிறது.

பரிசு அறிவிப்பதும் நட்சத்திரம் போடச் சொல்வதும் வேண்டியதில்லை. பாதியில் விட்ட பிள்ளைகளை ஒதுக்கவும் கூடாது. நாற்பதாம் பக்கத்தில் நாலு பேர் விட்டிருந்தால், எழுத்தாளர் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். தொகுத்து அவருக்கு அனுப்பும்போது பாராட்டை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். பெயரை எடுத்துவிட்டு, வயது, ஆடுகிற பிள்ளையா இல்லையா, எந்தப் பக்கம் வரை படித்தது என்ற மூன்றையும் ஒவ்வொரு கருத்தின் மேலேயும் எழுதி அனுப்பினால் போதும்.