கான்செர்ட்டோவை வைத்து வயலின் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஒரு வயலின் கான்செர்ட்டோ (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு) கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது, கஷ்டமான இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டு, அவற்றை மட்டும் தனியாகப் பிய்த்தெடுத்து சாதகம் செய்வது. விரலுக்குப் பயிற்சி கிடைக்கும், சரி. ஆனால் அந்த இடம் ஏன் அப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது பிடிபடாது.

மெண்டல்சனின் ஈ மைனர் கான்செர்ட்டோவையே (1844) பாருங்கள். முதல் பகுதியின் முடிவை ஒட்டி வர வேண்டிய கேடன்சாவை (வயலின் மட்டும் தனியாக வாசிக்கும் இடம்) அவர் நடுவிலேயே கொண்டுவந்து வைத்தார், கலைஞரின் கற்பனைக்கு விடாமல் முழுவதையும் எழுதியும் கொடுத்துவிட்டார். அதன் கடைசியில் வில் நான்கு தந்திகளிலும் துள்ளித் துள்ளி ஓடும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்க்கெஸ்ட்ரா முதல் மெட்டை மறுபடி எடுக்கும். அதாவது அந்த நொடியில் நீங்கள்தான் பக்கவாத்தியம். வயலின் பாகத்தை மட்டும் பார்த்துப் பழகியவர் அங்கே தன் வில் வித்தையைக் காட்டப்போய் மெட்டை அமுக்கிவிடுவார். எல்லா வாத்தியங்களின் பாகங்களும் இருக்கும் முழு ஸ்கோரைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தடவையாவது பதிவைக் கேளுங்கள், இந்தத் தவறில் பாதி தானாகப் போய்விடும்.

அடுத்தது, பெயரை நம்புவது. மொசார்ட் 1775-இல் எழுதிய ஐந்தாவது கான்செர்ட்டோவை 'துருக்கிய' கான்செர்ட்டோ என்கிறார்கள். மினுவெட் என்ற பழைய ஐரோப்பிய நடனத்தின் சாந்தமான நடையில் போகும் கடைசிப் பகுதி நடுவில் திடீரென்று ஏ மைனர் சுரவரிசைக்குத் தாவுகிறது, செல்லோவும் டபுள் பாஸும் வில்லின் கட்டையால் தந்தியைத் தட்டுகின்றன. அது துருக்கிய இசை இல்லை. ஒட்டோமான் ராணுவ வாத்தியங்களின் சத்தத்தை ஆஸ்திரியாக்காரர்கள் கற்பனை செய்துகொண்ட விதம். இதை வைத்துத் துருக்கிய இசை படிக்கிறேன் என்று இறங்கினால் ஒன்றும் தேறாது. ஆனால் மினுவெட்டுக்கும் இதற்கும் இடையே வில்லின் எடையை ஒரே நொடியில் மாற்றிப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

இரண்டு இசை மரபுகளின் நிஜமான கலப்பு வேண்டுமென்றால் 'பட்டாம்பூச்சிக் காதலர்கள்' கான்செர்ட்டோவுக்கு வாருங்கள். ஷாங்காய் இசைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஹே ஜன்ஹாவ், சென் காங் இருவரும் எழுதியது. 1959-இல் யூ லினா முதலில் வாசித்தார். மெட்டுகள் யுவே ஓபரா என்ற சீனப் பாட்டு நாடகத்திலிருந்து வந்தவை, வயலின் அதில் கதாநாயகி, செல்லோ கதாநாயகன். முக்கிய மெட்டு பெரும்பாலும் ஐந்து சுரங்களில் நடப்பதால், கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு உடனே மோகனம் ஞாபகம் வரும். ஆபத்து அங்கேதான். மோகனத்தின் அசைவுகளைக் கொண்டுபோய் இதில் போட்டால் மெட்டு தடுமாறும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் சறுக்கும் இதன் வழுக்கல், எர்ஹூ என்ற சீன வில் வாத்தியத்திலிருந்து வருவது. எர்ஹூவுக்கு விரல் பலகை கிடையாது, விரல் அந்தரத்தில் இருக்கும் தந்தியின் மேல்தான் நகரும். வயலினில் அதைக் கொண்டுவர விரலைப் பலகையோடு அழுத்திப் பிடித்து இழுக்காதீர்கள். அழுத்தத்தைத் தளர்த்தி, மெதுவாகக் கிளம்பி, போய்ச் சேர்ந்த பிறகு வைப்ரேட்டோவை (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கவைப்பது) தொடங்குங்கள். எல்லா வழுக்கலையும் ஒரே வேகத்தில் செய்தால் சினிமா அழுகை மாதிரி ஆகிவிடும்.

இதே கான்செர்ட்டோவில் கதாநாயகி கல்லறையில் அழும் இடத்தை மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வைத்துப் பழகுகிறவர்களும் உண்டு. ஆர்க்கெஸ்ட்ரா அடியில் படபடவென்று ஓட, வயலின் மேலே தாளத்துக்கு அடங்காமல் நிதானமாகப் பாடுவது சீன ஓபராவின் பழைய உத்தி. கீழே ஓடுவதை முதலில் காதில் ஏற்றிக்கொள்ளாமல் மேலே சுதந்திரமாக வாசிக்க முடியாது, வெறுமனே தாளம் தப்பியதுபோலத்தான் கேட்கும்.

பிராம்ஸின் கான்செர்ட்டோவில் (1878) நேர்மாறான தவறு நடக்கும். கடைசிப் பகுதியில் ஹங்கேரிய வாடை அடிக்கிறது என்று தெரிந்ததும் எல்லோரும் பறக்கிறார்கள். அந்தப் பகுதியின் தலைப்பிலேயே 'ரொம்ப விறுவிறுப்பு வேண்டாம்' என்று குறித்திருக்கிறது! முதல் மெட்டே இரண்டு தந்திகளைச் சேர்த்து வாசிக்க வேண்டியது. வேகம் கூடினால் சுருதி போகும், அதோடு ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கும் அந்தக் குட்டைச் சுரங்களின் வெட்டும் போய்விடும். முதலில் மேல் சுரத்தை மட்டும், அப்புறம் கீழ் சுரத்தை மட்டும், அதே விரல்களோடு வாசித்துவிட்டுச் சேருங்கள். இரண்டும் சுத்தமாக ஒலிக்கும் வேகம் எதுவோ, இப்போதைக்கு உங்கள் வேகம் அதுதான்.